ரோமில் நிலம் கேட்ட சிப்பாய்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பண்டைய ரோம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ஹன்னிபால், சீசர், கிளியோபாட்ரா, அகஸ்டஸ் என்று வரிசையாக, நல்ல படங்களோடு, பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எழுதியிருந்தார்கள். அதற்கு நன்றி. ஆனால் ரோமின் எதிரியான வட ஆப்பிரிக்க நகரம் கார்த்தேஜ் அழிந்த கி.மு. 146-லிருந்து ஒரே தாவாகத் தாவி, சீசர் படையோடு ரூபிக்கான் ஆற்றைக் கடந்த கி.மு. 49-க்கு வந்துவிட்டது கட்டுரை. நடுவில் கிட்டத்தட்ட நூறு வருடம் காணோம். குடியரசு உடைந்ததே அந்த நூறு வருடத்தில்தான். அதை விட்டுவிட்டால், ஒரு தளபதிக்குப் பதவி ஆசை வந்தது, ஆற்றைத் தாண்டினான், குடியரசு போயிற்று என்றுதான் படிப்பவர் மனதில் நிற்கும். அப்படி நிற்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோமக் குடியரசு விழுந்ததற்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். ஆடம்பரம் என்பார்கள், ஒழுக்கக் கேடு என்பார்கள், தனிமனிதப் பேராசை என்பார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வி இருந்தது: சண்டைக்குப் போய்விட்டு உயிரோடு திரும்பி வந்த சிப்பாய் பிழைப்பதற்கு நிலம் கொடுப்பது யார் பொறுப்பு? அரசு அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. ரோமின் ஆளும் சபையான செனட்டில் உட்கார்ந்திருந்தவர்களே பெரிய நிலக்காரர்கள் என்பதால் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைத் தட்டிக்கழித்தார்கள். அவர்கள் தட்டிக்கழிக்கக் கழிக்க, "நான் வாங்கித் தருகிறேன், என் பின்னால் வா" என்று சொன்ன தளபதியின் பக்கம் சிப்பாய் போனான். சீசர் அப்படிச் சொன்ன முதல் ஆள்கூட இல்லை.

முதலில் கன்னே சண்டையிலிருந்து வருகிறேன், ஏனென்றால் பழைய ரோமின் பலம் என்ன என்பது அங்கேதான் தெரிகிறது. கி.மு. 216 ஆகஸ்ட் 2. தெற்கு இத்தாலியில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் ரோமப் படையை நாலு பக்கமும் சுற்றி வளைத்து அறுத்துத் தள்ளினான். செத்தவர்கள் சுமார் 48,000 பேர் என்கிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி, 70,000 என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ். லிவியின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஒரே நாளில் அத்தனை பேர். வருடத்துக்கு இருவராகத் தேர்ந்தெடுக்கப்படும் ஆட்சித் தலைவர்களான கான்சல்களில் ஒருவர், எமிலியஸ் பவுலஸ், களத்திலேயே விழுந்தார், கூடவே செனட்டர் அந்தஸ்தில் இருந்த 80 பேர். கபுவா மாதிரிப் பெரிய நகரங்கள் அணி மாறின. வேறு எந்த நாடாக இருந்தாலும் சமாதானம் பேசியிருக்கும். ஹன்னிபால் அனுப்பிய தூதனை ரோமர்கள் ஊருக்குள்ளேயே விடவில்லை. பிடிபட்ட தங்கள் ஆட்களைப் பணம் கொடுத்து மீட்கவும் மறுத்துவிட்டார்கள். அரசு காசில் 8,000 அடிமைகளை வாங்கி ஆயுதம் கொடுத்தார்கள். தோற்றுத் திரும்பிய இன்னொரு கான்சல் வரோவை ஊர்கூடி எதிர்கொண்டு, குடியரசின் மேல் நம்பிக்கை இழக்காததற்காக நன்றி சொன்னார்கள். நாலைந்து வருடத்தில் 25 லீஜியன்கள், அதாவது சில ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவுகள், களத்தில் இருந்தன.

இது எப்படி முடிந்தது? போருக்கு முன்பே, கி.மு. 225-இல் எடுத்த ஒரு கணக்கைப் பாலிபியஸ் கொடுக்கிறார்: ரோமும் அதன் இத்தாலியக் கூட்டாளிகளும் சேர்ந்தால் ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் காலாட்படைக்கு 7 லட்சம் பேர், குதிரைப்படைக்கு 70,000 பேர். ஹன்னிபாலிடம் மூளை இருந்தது, இவர்களிடம் ஆள் இருந்தது. அந்த ஆட்களில் பெரும்பாலோர் சொந்த நிலம் வைத்திருந்த குடியானவர்கள். சொத்து இருந்தால்தான் லீஜியனில் சேர முடியும், ஆயுதத்தையும் அவனே கொண்டு வர வேண்டும் என்பதுதான் பழைய விதி. நாடு போனால் தன் வயலும் போகும் என்று தெரிந்தவன் அவன். கி.மு. 202-இல் ஜாமாவில் சிப்பியோ ஹன்னிபாலைத் தோற்கடித்து, கார்த்தேஜின் மேல் 50 வருடத்தில் கட்ட வேண்டிய 10,000 தாலந்து வெள்ளி அபராதம் போட்டதெல்லாம் உங்கள் கட்டுரையிலேயே நன்றாக இருக்கிறது, திரும்பச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஹன்னிபால் போருக்குப் பிறகு சண்டைகள் கடல் கடந்து போய்விட்டன. மாசிடோனியா, சிரியா, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பெயின். முன்பெல்லாம் கோடையில் சண்டை, அறுப்புக்கு வீடு என்று இருந்தவன் இப்போது வருடக் கணக்கில் ஸ்பெயின் மலைகளில் கிடந்தான். அங்கே கொள்ளையும் கிடைக்காது, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆள் சேர்ப்பதே பெரும்பாடாகி, கி.மு. 151-இலும் 138-இலும் மக்கள் பிரதிநிதிகளான டிரிப்யூன்கள் கான்சல்களையே பிடித்துச் சிறையில் அடைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம் போரில் பிடித்த அடிமைகள் இத்தாலிக்குள் வந்து குவிந்தார்கள். தோற்ற எதிரிகளிடமிருந்து பிடுங்கிய நிலம் சட்டப்படி ரோம மக்களின் பொது நிலம், ஆனால் அதைக் காசுள்ளவர்கள் வளைத்துப்போட்டு அடிமைகளை வைத்துப் பயிர் செய்தார்கள். இத்தனைக்கும் ஒருவர் இவ்வளவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பழைய சட்டம் இருந்தது. பினாமி பெயரில் குத்தகை எடுத்தார்கள், பிறகு அந்தப் பினாமியும் தேவைப்படாமல் வெளிப்படையாகவே வைத்துக்கொண்டார்கள் என்று பிற்கால வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். சிறு குடியானவன் அந்த அளவுக்கு ஒன்றும் அழிந்துவிடவில்லை, பல இடங்களில் சின்னப் பண்ணைகள் தொடர்ந்து இருந்திருக்கின்றன என்று அகழாய்வுகளை வைத்து இப்போது சில ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம், இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்திருக்கும். ஆனால் நிலம் வேண்டும் என்று ஒரு பெரிய கூட்டம் ரோமில் வந்து நின்றதை யாரும் மறுக்கவில்லை.

அந்தக் கூட்டத்துக்காக எழுந்தவர்தான் டைபீரியஸ் கிராக்கஸ். ஹன்னிபாலை வென்ற அதே சிப்பியோவின் மகள் கொர்னேலியாவுக்குப் பிறந்தவர், ரோமின் மிகப் பெரிய வீட்டுப் பிள்ளை. ஸ்பெயினில் நுமான்சியாவுக்குப் போகிற வழியில் எட்ரூரியா பகுதியைக் கடந்தபோது வயலில் சுதந்திரமான ஆட்களையே காணோம், எல்லாம் வெளிநாட்டு அடிமைகள் என்பதைப் பார்த்து மனம் நொந்தார் என்று அவருடைய தம்பி எழுதி வைத்திருந்தாராம். நுமான்சியாவில் ரோமப் படை மாட்டிக்கொண்டபோது எதிரியோடு பேசி 20,000 பேர் உயிரைக் காப்பாற்றியவரும் இவரே. அந்த உடன்படிக்கையை செனட் தூக்கி எறிந்தது. சிப்பாயின் உயிரை செனட் எப்படி மதிக்கிறது என்பதை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

கி.மு. 133-இல் டிரிப்யூன் ஆனதும் அவர் கொண்டு வந்தது ஒரு நில உச்சவரம்புச் சட்டம். பொது நிலத்தில் ஒருவர் 500 யூகேரா, அதாவது சுமார் 310 ஏக்கர் வரை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகள் இருந்தால் ஒரு பிள்ளைக்கு 250 யூகேரா கூட. அதற்கு மேல் உள்ளதை அரசு எடுத்து நிலமில்லாத குடிமக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். கவனியுங்கள், அவர் யாருடைய சொந்த நிலத்திலும் கை வைக்கவில்லை, அரசு நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே 310 ஏக்கரை விட்டுக்கொடுக்கிறார். இதைவிட மென்மையான சீர்திருத்தம் இருக்க முடியுமா? இத்தாலியில் திரியும் காட்டு விலங்குக்குக்கூட ஒண்டிக்கொள்ளக் குகை உண்டு, இத்தாலிக்காகச் சண்டை போட்டுச் சாகிறவனுக்குக் காற்றும் வெளிச்சமும் தவிர வேறொன்றும் இல்லை, உலகத்துக்கே எஜமானர்கள் என்று பெயர், தனக்கென்று ஒரு மண்ணாங்கட்டி கிடையாது என்று அவர் பேசியதாகப் புளூட்டார்க் கொடுக்கிற அந்தப் பேச்சை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

செனட் தரப்பு இன்னொரு டிரிப்யூனான ஆக்டேவியஸை வைத்துச் சட்டத்தைத் தடுத்தது. டைபீரியஸ் மக்கள் சபையைக் கூட்டி அவரைப் பதவியிலிருந்தே இறக்கினார். இது ரோமில் அதுவரை யாரும் செய்யாதது. அதிலும் ஒரு ஆபத்து இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. மறு வருடத்துக்கும் டிரிப்யூன் பதவிக்கு நின்றார், அதுவும் வழக்கத்துக்கு மாறானது. ஆனால் அதற்குக் கிடைத்த பதில் என்ன? அவருடைய உறவினரும் தலைமைப் பூசாரியுமான சிப்பியோ நாசிகா, குடியரசைக் காப்பாற்ற விரும்புகிறவர்கள் என் பின்னால் வாருங்கள் என்று கிளம்பினார். செனட்டர்கள் உடைந்த பெஞ்சுக் கால்களையும் தடிகளையும் எடுத்துக்கொண்டு போய் டைபீரியஸை அடித்தே கொன்றார்கள். கூடவே 300-க்கும் மேற்பட்டவர்கள். தம்பி வந்து பிணத்தைக் கேட்டும் கொடுக்கவில்லை, ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் டைபர் நதியில் வீசினார்கள்.

ரோமக் குடியரசில் அரசியல் சண்டை அதுவரை உயிர்ப்பலி வரை போனதில்லை என்று வரலாற்றாசிரியர் அப்பியனும் புளூட்டார்க்கும் சொல்கிறார்கள். முதல் ரத்தத்தைச் சிந்தியது கலகக்கார ஏழைக் கூட்டம் இல்லை, சட்டம் ஒழுங்கு பேசிய மேல்தட்டு. உங்கள் கட்டுரையில் இந்தச் சம்பவத்துக்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் மனக்குறை.

இத்தனைக்கும் நிலம் பிரிக்கும் குழு அவர் செத்த பிறகும் வேலை செய்தது. குழு உறுப்பினர் பெயர் பொறித்த எல்லைக் கற்கள் தெற்கு இத்தாலியில் இன்றைக்கும் கிடைக்கின்றன. பத்து வருடம் கழித்துத் தம்பி கேயஸ் கிராக்கஸ் அதே பதவிக்கு வந்தார், கி.மு. 123-இலும் 122-இலும். மலிவு விலையில் தானியம், சிப்பாய்க்கு அரசு செலவில் உடுப்பு, 17 வயதுக்குக் குறைந்த பையன்களைப் படையில் சேர்க்கத் தடை, கார்த்தேஜ் இருந்த இடத்தில் புதுக் குடியேற்றம் என்று அண்ணனைவிடப் பெரிதாக யோசித்தவர். அவரையும் கி.மு. 121-இல் கொன்றார்கள், ஆதரவாளர்கள் 3,000 பேர் செத்தார்கள். கொன்ற கான்சல் ஒபிமியஸ் அதற்குப் பிறகு நல்லிணக்கத் தெய்வத்துக்குக் கோயில் கட்டினார். பைத்தியக்கார வெறிச்செயல் கட்டிய நல்லிணக்கக் கோயில் என்று யாரோ ராத்திரியில் அதன்மேல் எழுதி வைத்துவிட்டுப் போனார்களாம்.

சட்டம் போட்டு நிலம் வாங்கும் வழி இப்படி அடைபட்டது. அடுத்து திறந்தது படை வழி.

கி.மு. 107-இல் கான்சல் ஆன மாரியஸ், ஆப்பிரிக்காவில் நுமிடியா அரசன் ஜுகுர்தாவோடு நடந்த போருக்கு ஆள் எடுத்தபோது சொத்து விதியைப் பார்க்கவில்லை. கணக்கெடுப்பில் தலை எண்ணிக்கைக்கு மட்டும் வந்த ஏழைகளில் விருப்பப்பட்டவனை எல்லாம் சேர்த்தார். இதைப் பெரிய ராணுவப் புரட்சி என்று பாடப் புத்தகங்கள் எழுதுகின்றன, அது கொஞ்சம் மிகை. சொத்து வரம்பை ஏற்கெனவே படிப்படியாகக் குறைத்துக்கொண்டுதான் வந்தார்கள். ஆனால் ஒன்று உண்மை. வீட்டில் வயல் இருப்பவன் போர் முடிந்ததும் வயலுக்குத் திரும்புவான். இவனுக்குத் திரும்ப இடம் இல்லை. கி.மு. 105-இல் அரோசியோவில் கன்னே அளவுக்கு ஒரு பேரழிவு நடந்து, வடக்கேயிருந்து வந்த சிம்பிரி, டியூட்டன் கூட்டங்களுக்கு இத்தாலியே நடுங்கியபோது, மாரியஸ்தான் அவர்களை கி.மு. 102-இலும் 101-இலும் ஒழித்தார். அவருடைய ஆட்களுக்கு ஆப்பிரிக்காவில் ஆளுக்கு 100 யூகேரா கொடுக்கச் சட்டம் கொண்டு வந்தவர் டிரிப்யூன் சாட்டர்னினஸ். செனட் நிறைவேற்றித் தரவில்லை, மக்கள் சபையில் அடிதடியோடு நிறைவேறியது. சாட்டர்னினஸின் கதையும் கி.மு. 100-இல் கொலையில்தான் முடிந்தது. செனட் மண்டபத்துக்குள் அடைத்து, கூரையைப் பிரித்து ஓட்டால் எறிந்தே கொன்றார்கள்.

இப்போது கி.மு. 88. ரோம வரலாற்றில் ஒரே ஒரு தேதியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் நான் ரூபிக்கானைச் சொல்லமாட்டேன், இந்த வருடத்தைச் சொல்வேன். கிழக்கே பொந்தஸ் அரசன் மித்ரிடேட்டஸோடு போர். தளபதி பொறுப்பு கான்சல் சுல்லாவுக்கு. டிரிப்யூன் சுல்பிசியஸ் ஒரு சட்டம் போட்டு அதைப் பிடுங்கி, வயதான மாரியஸிடம் கொடுத்தார். சுல்லா நோலாவில் இருந்த தன் ஆறு லீஜியன்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். மாரியஸ் வந்தால் வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார், கிழக்கத்திக் கொள்ளை நமக்குக் கிடைக்காது என்று சிப்பாய்கள் பயந்தார்கள் என்கிறார் அப்பியன். படையை வாங்கிக்கொள்ள வந்த அதிகாரிகளைக் கல்லால் அடித்தார்கள், ரோமுக்கு நடத்திக்கொண்டு போங்கள் என்று சுல்லாவிடம் அவர்களே சொன்னார்கள். மேல்தட்டு அதிகாரிகளில் ஒரே ஒரு குவெஸ்டரை (நிதி அதிகாரியை)த் தவிர மற்ற எல்லோரும் சொந்த நகரத்தின் மேல் படையெடுக்க மாட்டோம் என்று ஓடிவிட்டார்கள். சாதாரணச் சிப்பாய்கள் ஒருவர்கூடத் தயங்கியதாகத் தெரியவில்லை. ரோமுக்குள் நுழைந்தபோது மக்கள் வீட்டுக் கூரையிலிருந்து ஓடும் கல்லும் எறிய, சுல்லா வீடுகளைக் கொளுத்த உத்தரவிட்டார்.

ஏன் அவர்கள் தயங்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள். அந்த நகரம் அவர்களுக்கு என்ன கொடுத்திருந்தது? நிலம் கேட்டபோது இரண்டு முறை கொன்றது, மூன்றாவது முறை ஓட்டால் அடித்தது. கன்னேக்குப் பிறகு நாட்டைத் தூக்கி நிறுத்திய அதே குடியானவர்களின் கொள்ளுப்பேரன்கள்தான் இவர்கள்.

கிழக்கேயிருந்து திரும்பிய சுல்லா, கி.மு. 82 நவம்பர் 1 அன்று ரோமின் கொலின் வாசலில் உள்நாட்டுப் போரை முடித்தார். கொல்லப்பட வேண்டியவர்கள் பட்டியலைப் பொது இடத்தில் ஒட்டினார், தலை கொண்டு வந்தால் பரிசு, சொத்து ஏலம். செனட்டைக் காப்பாற்றவே இதெல்லாம் என்றார், டிரிப்யூன்களின் பல்லைப் பிடுங்கினார், பிறகு தானாகவே பதவியை விட்டுப் போய் கி.மு. 78-இல் செத்தார். அவர் எழுதிய அரசியல் சட்டம் அவர் செத்துப் பத்து வருடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் ஒன்று தாங்கியது. 23 லீஜியன் ஆட்களுக்கு நிலம் கொடுத்தார் என்று அப்பியன் சொல்கிறார். எங்கிருந்து? எதிர்த்து நின்ற இத்தாலிய ஊர்களிலிருந்து பிடுங்கி, எட்ரூரியாவில், பிரெனஸ்டியில், பாம்பேய் நகரத்தில். அடுத்த இருபது வருடத்துக்குள் அந்தப் புது நிலக்காரர்களில் பலர் கடனில் மூழ்கினார்கள், நிலம் பறிபோன பழையவர்களும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். கி.மு. 63-இல் கட்டிலைன் என்ற பிரபுவின் கலகம் என்று கான்சல் சிசரோ ஊரைக் கூட்டினாரே, அந்தப் படையில் இந்த இரண்டு வகை ஆட்களும் ஒன்றாக நின்றார்கள்.

இதற்குப் பிறகாவது செனட் பாடம் கற்றிருக்க வேண்டும். கி.மு. 62 கடைசியில் அதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் வந்தது. கிழக்கு முழுவதையும் வென்றுவிட்டுத் தளபதி பாம்ப்பி இத்தாலியின் பிரண்டிசியம் துறைமுகத்தில் வந்து இறங்கினார். இன்னொரு சுல்லா வருகிறார் என்று ஊரே பயந்துகொண்டிருந்தது. அவர் படையைக் கலைத்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சாதாரண ஆளாக நடந்து வந்தார். கேட்டது இரண்டே விஷயம்: கிழக்கே தான் செய்த ஏற்பாடுகளுக்கு ஒப்புதல், தன் சிப்பாய்களுக்கு நிலம். செனட்டர்கள் கேட்டோவும் லுகுல்லஸும் அவர்கள் கூட்டமும் இரண்டு வருடம் இழுத்தடித்தார்கள். கேட்டோவை நேர்மையின் சிகரம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு, நேர்மையானவர்தான், ஆனால் படையைக் கலைத்துவிட்டு வந்து மரியாதையாகக் கேட்டால் நிலம் கிடைக்காது என்று எல்லாத் தளபதிகளுக்கும் எல்லாச் சிப்பாய்களுக்கும் புரிய வைத்த ஆளும் அவர்தான். குடியரசைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய கடைசித் தருணம் அது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேறு வழியில்லாத பாம்ப்பி, சீசரோடும் பெரும் பணக்காரர் கிராசஸோடும் கை கோத்தார். கி.மு. 59-இல் கான்சல் ஆன சீசர், எதிர்த்த சக கான்சல் பிபுலஸின் தலையில் சாணிக் கூடை கவிழ, பாம்ப்பியின் ஆட்கள் சுற்றி நிற்க, நிலச் சட்டத்தை நிறைவேற்றினார். கம்பானியாவின் வளமான நிலம் மூன்று பிள்ளையோ அதற்கு மேலோ பெற்ற 20,000 பேருக்குப் போயிற்று.

காலியப் போர்கள், கி.மு. 49 ஜனவரியில் 13-ஆவது லீஜியனோடு ரூபிக்கானைக் கடந்தது, பார்சலஸ் சண்டை, கி.மு. 44 மார்ச் 15 அன்று 23 கத்திக்குத்துகள், இதெல்லாம் உங்கள் கட்டுரையில் விரிவாகவே இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீசர் கொல்லப்பட்டபோது, நிலம் ஒதுக்கீட்டுக்காகக் காத்திருந்த அவருடைய பழைய சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக ரோமிலேயே இருந்தார்கள். சர்வாதிகாரி ஒழிந்தான், சுதந்திரம் என்று கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ் கூவியபோது அவர்கள் யோசித்தது தங்கள் பட்டா என்ன ஆகும் என்று. இரண்டு நாள் கழித்துக் கூடிய செனட், கொன்றவர்களுக்கு மன்னிப்பு, ஆனால் சீசர் செய்த ஏற்பாடுகள் எல்லாம் செல்லும் என்று தீர்மானித்ததற்கு அந்தக் கூட்டத்தின் மேல் இருந்த பயமும் ஒரு காரணம்.

அந்தக் கூட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவன் சீசரின் வாரிசான 19 வயதுப் பையன் ஆக்டேவியன், பின்னாளில் அகஸ்டஸ் ஆனவன். கம்பானியாவில் குடியேறியிருந்த சீசரின் பழைய வீரர்களிடம் போய் ஆளுக்கு 500 தினாரி வெள்ளிக் காசு கொடுத்தான். ஒரு லீஜியன் சிப்பாயின் வருடச் சம்பளமே 225 தினாரிதான், அதாவது இரண்டு வருடச் சம்பளத்துக்கும் மேல் கையில். அடுத்த வருடம் அவனுக்குக் கான்சல் பதவி கேட்டுப் படையிலிருந்து ஆட்கள் செனட்டுக்கு வந்தார்கள். செனட் இழுத்தபோது நூறு வீரர்களுக்குத் தலைவன் ஒருவன் மேலங்கியை விலக்கி வாளைக் காட்டி, நீங்கள் ஆக்காவிட்டால் இது ஆக்கும் என்றானாம், வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதுகிறார். ஆகஸ்ட் மாதம் எட்டு லீஜியன்களோடு வந்து, 20 வயது நிறையாத பையன் கான்சல் ஆனான்.

பிறகு சீசரின் தளபதிகளான ஆண்டனி, லெபிடஸோடு கூட்டு, மறுபடியும் கொலைப் பட்டியல், அதில் சிசரோ தலை. சிப்பாய்களுக்கு இத்தாலியின் மிகச் செழிப்பான 18 நகரங்களின் நிலத்தைத் தருவதாகப் போருக்கு முன்பே பட்டியல் போட்டு வாக்குக் கொடுத்தார்கள். கி.மு. 42-இல் சீசரைக் கொன்றவர்களைப் பிலிப்பியில் வென்றதும் கடனை அடைக்க வேண்டிய வேலை ஆக்டேவியன் தலையில் விழுந்தது. கி.மு. 41-இல் இத்தாலியில் நடந்ததைப் படித்தால் வயிறு எரியும். எந்தத் தப்பும் செய்யாத குடும்பங்கள், இளைஞர், கிழவர், குழந்தையோடு வந்த பெண்கள் ரோமுக்கு வந்து கோயில்களில் நின்று அழுதார்கள், போரில் தோற்ற எதிரி மாதிரி எங்களை ஏன் விரட்டுகிறீர்கள் என்று. கவிஞர் ஹோரஸின் ஊர் வெனுசியா அந்தப் பட்டியலில் இருந்தது. இன்னொரு கவிஞர் வெர்ஜிலின் ஊர் மாண்டுவா பட்டியலில் இல்லாமலேயே, பக்கத்து கிரெமோனாவில் நிலம் போதவில்லை என்று சேர்த்துப் பிடுங்கப்பட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுப் போகிற, வெர்ஜிலின் கவிதையில் வரும் இடையன் அங்கிருந்து வந்தவன்தான். டைபீரியஸ் கிராக்கஸ் ஆக்கிரமிப்பு நிலத்தைக் கேட்டபோது கொடுக்காததால், தொண்ணூறு வருடம் கழித்துச் சின்னக் குடியானவனின் சொந்த நிலம் போயிற்று.

இதை அகஸ்டஸ் மறக்கவில்லை. கி.மு. 31-இல் ஆக்டியத்தில் ஆண்டனியை முடித்து, மறு வருடம் எகிப்தின் கஜானா கைக்கு வந்ததும், இத்தாலியில் சிப்பாய்களுக்கான நிலத்தைக் காசு கொடுத்தே வாங்கினார். 60 கோடி செஸ்டர்ஸ் (நாலு செஸ்டர்ஸ் ஒரு தினாரி) இத்தாலியில், 26 கோடி வெளி மாகாணங்களில் செலவழித்தேன், இப்படிச் செய்த முதல் ஆள், ஒரே ஆள் நான்தான் என்று தன் சாதனைக் கல்வெட்டில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். அப்புறம் கி.பி. 6-இல் ராணுவக் கருவூலம் என்று தனியாக ஒன்றை வைத்தார். தன் கைக்காசு 17 கோடி செஸ்டர்ஸ் போட்டு, தொடர் வருமானத்துக்கு வாரிசுச் சொத்தில் 5 சதவீத வரி, ஏல விற்பனையில் 1 சதவீத வரி. 20 வருடம் பணி முடித்த லீஜியன் சிப்பாய்க்கு 12,000 செஸ்டர்ஸ், அதாவது 3,000 தினாரி பணிக்கொடை. 13 வருடச் சம்பளத்துக்குச் சமம். நெருங்கிய சொந்தத்துக்கும் ஏழைகளுக்கும் வாரிசு வரி கிடையாது, கட்ட வேண்டியவர்கள் பணக்காரர்கள். அவர்கள் முணுமுணுத்தபோது, இதைவிட நல்ல வழி இருந்தால் ஆளுக்கொன்று எழுதிக் கொடுங்கள் என்றார். எடுபடும்படி எதையும் அவர்களால் சொல்ல முடியவில்லை.

செனட் 140 வருடம் முடியாது என்று சொன்ன வேலை, ஒரு கருவூலமும் ஒரு வரியும் போட்டால் முடிகிற வேலை! இதை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இதைக் குடியரசே செய்திருக்கலாம். செய்திருந்தால் சிப்பாய் குடியரசுக்குக் கடன்பட்டிருப்பான். பேரரசர் செய்தார், அவருக்குக் கடன்பட்டான். கி.பி. 14-இல் அகஸ்டஸ் செத்த கையோடு, அடுத்து வந்த டைபீரியஸ் பேரரசர் (டைபீரியஸ் கிராக்கஸ் வேறு, இவர் வேறு) அதிகாரிகள் தேர்தலை மக்கள் சபையிலிருந்து செனட்டுக்கு மாற்றினார். மக்கள் வெறுமனே முணுமுணுத்ததோடு சரி என்கிறார் வரலாற்றாசிரியர் டாசிடஸ். ஆனால் அதே வருடம் டானூப் நதிப் பக்கத்துப் பன்னோனியாவிலும் ரைன் கரையிலும் லீஜியன்கள் கலகம் செய்தபோது பேரரசரே நடுங்கி மகனை அனுப்பினார். பெர்சென்னியஸ் என்ற சாதாரணச் சிப்பாய் அங்கே பேசியது டாசிடஸில் இருக்கிறது: முப்பது நாற்பது வருடம் உழைத்துக் கிழவனாகிறோம், ஒரு நாளைக்கு எங்கள் உடம்புக்கும் உயிருக்கும் விலை 10 ஆஸ் செப்புக் காசு, பிழைத்துக் கிடந்தவனைக் கண்காணாத தேசத்துக்கு இழுத்துப்போய் நிலம் என்ற பெயரில் சதுப்பையும் மலைப்பாறையையும் கொடுக்கிறார்கள். சட்டம் இருந்தும் ஒழுங்காகக் கொடுக்கவில்லை என்பது தெரிகிறது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

இதில் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதைச் சொல்லி முடிக்கிறேன். எகிப்து ரோமின் கைக்குப் போன பிறகு செங்கடல் கரையில் இருந்த மயோஸ் ஹார்மோஸ் துறைமுகத்திலிருந்து வருடத்துக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போனதாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். முசிறியிலிருந்து போன மிளகு முதலான சரக்குகளுக்கு ரோம எல்லையில் 25 சதவீதம் சுங்கம். அந்தப் பணம் பேரரசின் கஜானாவுக்குப் போயிற்று, கஜானாவின் மிகப் பெரிய செலவு படை. அதாவது நம் மிளகின் வரியிலும் ஒரு பங்கு ரைன் கரைச் சிப்பாயின் சம்பளத்துக்குப் போயிருக்கிறது. பதிலுக்கு அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து வெள்ளித் தினாரிகள் இங்கே வந்தன. எங்கள் கோவைப் பக்கம் வெள்ளலூரில் புதையலாகவே கிடைத்திருக்கின்றன, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் ரோம நாணயங்களைப் பார்க்கலாம்.

எங்காவது ரோம நாணயம் கிடைத்தால் நீங்கள் தவறாமல் செய்தி போடுகிறீர்கள். பண்டைய வணிகத்துக்குச் சான்று என்று ஒரு வரியோடு அது முடிந்துவிடுகிறது. அகஸ்டஸ் தலை போட்ட தினாரி என்றால், இதே மாதிரி 225 காசுதான் ஒரு லீஜியன் சிப்பாயின் வருடச் சம்பளம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அப்புறம், கிராக்கஸ் சகோதரர்களுக்கும் கி.மு. 88-க்கும் ஒரு ஞாயிறு இணைப்பில் அரைப்பக்கமாவது ஒதுக்குங்கள். மாணவர்கள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துப் படிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
கோயம்புத்தூர்